சீமாட்டியின் முறை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், சாய்கிறவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு நாயின் கதை சொல்லப்போகிறேன். நாய்க்கு ஒன்றும் ஆகாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருக்கு மனசு தாங்காது என்று எனக்குத் தெரியும். பாடெல்லாம் நாயை வளர்த்தவளுக்குத்தான்.

அவளைக் கறாரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது எங்கோ மூலையில் கிடந்தது. நாய்க் காப்பகத்தில் அவளுக்கு வேலை. கூண்டு கழுவுவாள், தீனி கலப்பாள், ஆபரேஷன் மேஜையில் நாயைப் பிடித்துக்கொள்வாள். வாசலுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள்தான். யாராவது பெட்டியில் குட்டிகளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் போதும், கை இடுப்புக்குப் போய்விடும்.

"பொட்ட நாய் வளக்கறீங்க. ஆபரேஷன் பண்ணல, சரி. கதவயாவது சாத்தினீங்களா?"

அங்கே ஆரம்பித்து அவள் முடிப்பதற்குள், வந்தவர் அந்தப் பெட்டிக்குள்ளேயே குட்டிகளோடு படுத்துக்கொள்ளலாமா என்று பார்ப்பார். ஆனால் அவள் சொன்னதில் பொய் கிடையாது. கூண்டுகள் நிரம்பி வழிந்தன. ஒரு கூண்டில் இரண்டு நாய் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருக்கும். புதிதாக ஒரு குட்டிக்கு வீடு கிடைத்தால், ஏற்கனவே உள்ளே கிடக்கிற கிழட்டு நாய் ஒன்றுக்கு அந்த வீடு கிடைக்காமல் போகிறது என்று அவள் கணக்குச் சொல்வாள்.

அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அண்ணி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். அந்த வீட்டில் நாலாவது ஆள் சீமாட்டி. காப்பகத்திலிருந்து கறாரக்கா தூக்கி வந்த செம்பட்டை நிற நாய். தட்டில் என்ன போட்டாலும் முதலில் மோந்து பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா?' என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் தின்றுவிடும். அதனால் அந்தப் பெயர்.

அந்தச் சீமாட்டி கொஞ்ச நாளாகக் குண்டாகிக்கொண்டே வந்தாள்.

"நீங்கதான் திருட்டுத்தனமா பிஸ்கட் போடறீங்க, அண்ணா."

"நானா? எனக்கே உங்க அண்ணி எண்ணித்தான் பிஸ்கட் குடுக்கறா. இதுல நான் எங்க தானம் பண்றது?"

"அப்ப காத்தக் குடிச்சு ஊதறாளா?"

"உன் பேச்சக் கேட்டு ஊதியிருப்பா. எனக்கே சில நாள் வயிறு உப்பிக்குது."

கறாரக்கா விடவில்லை. சீமாட்டியின் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். நாய் காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியது. தரையில் தட்டு உரசுகிற அந்தச் சத்தம், அடுத்து வந்த நாட்களில் அவள் காதைவிட்டுப் போகவே இல்லை.

ஒரு நாள் காலையில் அண்ணி மிஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள். சீமாட்டி அவள் காலடியில் மல்லாந்து கிடந்தாள்.

"ஏம்மா, இங்க வந்து பாரு. இது தின்ன வயிறு மாதிரியா இருக்கு? காம்பெல்லாம் செவந்து நிக்குது."

கறாரக்கா குனிந்து பார்த்தாள். தெருவில் போகிற நாயின் நடையைப் பார்த்தே சினை என்று சொல்லிவிடுகிறவள் அவள். தன் கட்டிலுக்கடியில் படுத்திருந்த நாயை அவள் பார்க்கவில்லை. சினை நாயைப் பட்டினி போட்டிருக்கிறாள்.

"நான் ஒரு முண்டம், அண்ணி," என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்து நிறையத் தீனி போட்டாள். சீமாட்டி மோந்து பார்த்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? காப்பகத்தில் ஒரே ஒரு டாக்டர், ஒரே ஒரு மேஜை. கறாரக்கா எத்தனையோ தடவை சீமாட்டியை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனாள். ஒவ்வொரு தடவையும் அவளைவிட அவசரமாக ஒரு தெருநாய் வந்து நிற்கும். "நம்ம வீட்டு நாய்தான டாக்டர், கதவுக்குள்ளதான இருக்கா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று முறையை விட்டுக்கொடுத்துவிடுவாள். "பெரிய மனசுக்கா உங்களுக்கு" என்பாள் டாக்டர். அந்தப் பெரிய மனசு சீமாட்டியை நேராக வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்துவிடும்.

பிறகு சீமாட்டிக்குப் பருவம் வந்திருந்த ஒரு மதியம், கறாரக்கா பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காப்பகத்திலிருந்து போன் வந்தது. கதவைச் சாத்தாமல் ஓடினாள். திரும்பி வந்தபோது சுவரோரம் அரைக்காது உட்கார்ந்திருந்தது. ஒரு காது பாதி கிழிந்த தெருநாய் அது. விரட்டிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஒன்றும் நடந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதுதான் அவளுக்கு வசதியாக இருந்தது.

அண்ணி வயிற்றைக் காட்டிய அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் இளவயசுப் பெண், பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாது. ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள்.

"ஆறு. ஏழுகூட இருக்கலாம்."

கறாரக்கா நாயின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"இப்பகூட கர்ப்பப்பையை எடுத்துடலாம்க்கா. நாம செய்யாததா? ஆனா நாள் ஓடிடுச்சு. நாளைக்குச் சாயந்தரம்தான் கடைசி. அதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேன்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றது? தெருநாயா இருந்தா நீங்க என்னைக் கேட்டே இருக்க மாட்டீங்க. நேரா மேஜைல தூக்கி வச்சிருப்பீங்க."

சீமாட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மூலையில் பேக்கரி வந்ததும் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிக்கொண்டாள்.

அந்தப் பேக்கரிக்காரரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் அவர் ரொட்டித் தட்டில் துணி விரித்து, அதில் ஐந்து குட்டிகளை வைத்துக்கொண்டு காப்பகத்து வாசலுக்கு வந்திருந்தார். இடமில்லை என்று கறாரக்கா திருப்பி அனுப்பினாள். அதுவாவது நியாயம். ஆனால் சும்மா அனுப்பவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்க, "ரொட்டி கருகாமப் பாத்துக்கத் தெரியுது, ஒரு கதவச் சாத்தத் தெரியலயா? உங்கள மாதிரி ஆளுங்கதான் இந்தக் கூண்டையெல்லாம் நிரப்பறீங்க" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்கேன் எடுத்த அன்று சாயந்தரம் வீட்டில் பேச்சு சூடுபிடித்தது.

"பொறக்கட்டும், விடு," என்றார் அண்ணன். "மேல் மாடில இருக்கற அந்த உசந்த சாதி நாய்தான் அப்பன்னு சொல்லி வச்சா, வந்து கொத்திட்டுப் போவாங்க."

"விக்கறதா? அதுவும் பொய் சொல்லியா? நாயா, சோபாவா? அப்பன் அரைக்காது. நான் என் கண்ணால பாத்தேன்."

"பாத்தியா? அப்ப தெரிஞ்சேதான் இருந்தியா! அந்த அரைக்காத வலை போட்டுப் பிடிக்கப் போயி ரெண்டு தடவ கோட்டை விட்டதும் நீதான. பொண்ணு வீடு, மாப்பிள்ள வீடு ரெண்டு பக்கமும் உன் கைங்கர்யம்தான்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு மெல்லச் சொன்னாள்: "பாவம், வயித்துல வந்துடுச்சு. எடுக்கணுமா?"

"காப்பகத்துக்குச் சினையா வர்ற ஒவ்வொண்ணையும் மேஜைல நான்தான அண்ணி பிடிச்சிட்டிருந்தேன்? அதுங்க பாவம் இல்லயா? தெருவுல இருக்கறதுக்கு ஒரு நியாயம், என் கட்டிலுக்கடில இருக்கறதுக்கு ஒரு நியாயமா?"

அண்ணி மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கறாரக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள். பின்கதவு சாத்தியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள். வந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்து போய்ப் பார்த்தாள்.

"இப்ப பூட்டி என்ன பண்ண, எல்லாம் உள்ள வந்தாச்சு," என்றார் அண்ணன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் சீமாட்டியைக் கூட்டிக்கொண்டு காப்பகம் போனாள். நியாயம் ஒன்றுதான், செய்துவிடலாம் என்று முடிவுகட்டியிருந்தாள். மேஜையைத் துடைத்து, டாக்டர் கையுறை மாட்டுகிற நேரம், ஒரு டாக்சிக்காரர் ரத்தத்தில் ஊறிய கோணிப்பையோடு ஓடி வந்தார். வண்டியில் அடிபட்ட நாய். பின்னங்கால் தொங்கியது.

டாக்டர் கறாரக்காவைப் பார்த்தாள். கேட்க வேண்டிய தேவையே இல்லை. கறாரக்கா சீமாட்டியைக் கீழே இறக்கிவிட்டாள். மறுபடியும்.

காலைத் தைத்து முடிக்கச் சாயந்தரம் ஆகிவிட்டது. கறாரக்கா மேஜையைக் கழுவினாள். இனி நேரமில்லை என்று டாக்டர் சொல்லிவிடுவாள், தன் கையில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும், அப்படியே விட்டுவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர் புதுக் கையுறை எடுத்தாள்.

"எனக்கு இன்னும் தெம்பு இருக்குக்கா. கொண்டு வாங்க."

கறாரக்கா கூண்டுப் பக்கம் போனாள். சீமாட்டி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தாள். அவளைத் தூக்கியபோது கறாரக்காவுக்கு மனசில் ஒன்று ஓடியது: இன்று இது முடிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பேக்கரிக்காரருக்குத் தெரியாது. நாளைக்கு வாசலில் வழக்கம்போல இடுப்பில் கை வைத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பு குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி அப்படி ஒரு சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் அவளை நிறுத்தியது.

நாயைத் தூக்கியபடியே வந்து நின்றாள்.

"வேணாம், டாக்டர்."

"ஏன்?"

"இவளுக்காகவும் இல்ல, அந்தக் கூண்டுக்காகவும் இல்ல. என் மானம் போயிடக் கூடாதுன்னுதான் இவளைத் தூக்கிட்டு வந்திருக்கேன். இவ முறைய ஒவ்வொரு தடவையும் விட்டுக் குடுத்தேனே, அதுவும் பெரிய மனசு இல்ல. இவளுக்கு மயக்க ஊசி போட எனக்குப் பயம். அந்தத் தெருநாயிங்க எல்லாம் எனக்குச் சாக்கு."

டாக்டர் கையுறையைக் கழற்றவில்லை. "காரணம் எதுவா இருந்தா என்னக்கா? ஏழு குட்டி. எங்க போகும்?"

"நான் வீடு தேடறேன்."

"பெட்டியோட வர்ற எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. நீங்க யாரையாவது நம்பியிருக்கீங்களா?"

சுருக்கென்று இருந்தது. "இல்ல," என்றாள் கறாரக்கா. "நீங்களும் நம்ப வேணாம். பாத்துக்கிட்டே இருங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டாள்.

நாயைக் கூட்டிக்கொண்டு கறாரக்கா நேரே பேக்கரிக்குப் போனாள். சாயந்தரக் கூட்டம். சூடான பன் வாசனை. பேக்கரிக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், கீழே நின்ற நாயைப் பார்த்தார், நாயின் வயிற்றைப் பார்த்தார். கையிலிருந்த இடுக்கியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வாங்க மேடம். ரொட்டியா, பன்னா? கருகாமப் பாத்து எடுத்து வச்சிருக்கேன்."

"ரொட்டி வாங்க வரல."

"அப்ப? எங்க வீட்டுக் கதவு சாத்தியிருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கறாரக்காவுக்குக் காதுமடல் கொதித்தது.

"என் வீட்டுக் கதவ நான் சாத்தல," என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "ஆபரேஷனும் பண்ணல. அடுத்த வாரம் அடுத்த வாரம்னு தள்ளினேன். அன்னிக்கு உங்கள நான் சொன்னது அத்தனையும் எனக்குப் பொருந்தும். இடம் இல்லன்னு சொன்னது சரி. உங்கள நிக்க வச்சு அசிங்கப்படுத்தினது தப்பு."

பேக்கரிக்காரர் ஒருவருக்குப் பன் கட்டிக் கொடுத்தார்.

"அஞ்சும் மாவு மூட்டைக்கு நடுவுல வளந்துதுங்க," என்றார் பிறகு. "வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் கேட்டேன். நாலு போச்சு. அஞ்சாவது எங்கிட்டயே இருக்கு. ராத்திரில அழுதா என் பொண்டாட்டி, 'அந்தக் காப்பகத்துப் பொம்பளயக் கூப்பிட்டுத் தாலாட்டச் சொல்லு'ங்கறா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கறாரக்காவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும்.

"எனக்கும் வர்றவங்க போறவங்க கிட்ட கேக்கணும்," என்றாள். "அனுமதி குடுப்பீங்களா?"

"கேளுங்க. ஆனா நான் கேக்க மாட்டேன். நீங்களே இங்க நின்னு, உங்க வாயாலயே, ஏன் வந்துச்சுன்னும் சேத்துச் சொல்லணும். எடுத்துட்டுப் போறவங்க குட்டிக்கு வயசு வந்ததும் ஆபரேஷன் பண்ணணும், அதையும் சொல்லிடுங்க. அதச் சொன்னா பாதிப் பேரு ஓடிடுவாங்க. என்கிட்டருந்தும் ஓடினாங்க."

"ஓடட்டும்."

"அப்புறம் இந்த அம்மாவுக்கு?" சீமாட்டியைக் காட்டினார்.

"குட்டிங்க பால் மறந்ததும் ஆபரேஷனுக்கு முதல் முறை இவளோடது. யார் வந்தாலும் விட்டுக் குடுக்க மாட்டேன்."

"பாப்போம்," என்றார் அவர். ஒரு பன்னைப் பிட்டுச் சீமாட்டிக்கு நீட்டினார். அவள் மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பி, பிறகு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்து பேக்கரிக் கண்ணாடிப் பெட்டி ஓரத்தில் அவள் நின்றாள். முதல் நாள் குரலே எழும்பவில்லை. "என் நாய்க்குக் குட்டி பிறக்கப் போகுது, என்னோட அசட்டையால" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அது அவளுக்குக் கூச்சமில்லாத பேச்சாகிவிட்டது. பலர் ஓடத்தான் செய்தார்கள். சிலர் நின்றார்கள். ஏழு குட்டி பிறந்தது, அதில் மூன்றுக்கு அப்பன் ஜாடையில் முகம். எல்லாவற்றுக்கும் வீடு கிடைத்தது. கடைசிக் குட்டியைத் தன் மடியிலேயே தூங்கவைத்துப் பழக்கிவிட்ட அண்ணன், "இது போகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சீமாட்டியின் முறை வந்த அன்று காலில் முள் ஏறிய நாய் ஒன்று வந்தது. "காத்திருக்கட்டும்," என்றாள் கறாரக்கா. மேஜையில் சீமாட்டியின் தலையை அவளே பிடித்துக்கொண்டாள். மயக்க ஊசி ஏறும்வரை விடவில்லை.

அன்றைக்கு அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பேக்கரிப் பக்கம் குட்டி கேட்டு வந்தவர்களில் யாராவது ஒருவர், காப்பகத்து மூலைக் கூண்டில் கிடக்கிற கிழட்டுக் குருட்டு நாய் ஒன்றை எடுத்துப் போயிருக்கலாம். கறாரக்காவும் தீனி போடும்போதெல்லாம் அந்தக் கூண்டின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்பாள். ஆனால் பெட்டியோடு யாராவது வந்தால் இப்போது இடுப்பில் கை போவதில்லை. இடமில்லை என்பதைச் சொல்லத்தான் சொல்கிறாள். சொல்லிவிட்டு, பேக்கரிக்குப் போகிற வழியையும் காட்டிவிடுகிறாள்.

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள், நேரமாகிறது. சாத்த வேண்டிய கதவு உங்கள் வீட்டில் தவறாமல் சாத்தியிருக்கட்டும். தவறிப்போன நாளில் அதை ஒப்புக்கொள்கிற நாக்கும், கேட்டுவிட்டு ஒரு பன்னைப் பிட்டு நீட்டுகிற மனுஷரும் உங்களுக்கு வாய்க்கட்டும். உங்கள் வீட்டில் வந்து படுக்கிற எந்த ஜீவனும் வயிறு காயாமல் இருக்கட்டும். குடும்பம் குட்டியோடு நன்றாக இருங்கள்.