கீஸ்லருக்கு ஒரு துவக்கு

எம்மன்புரூக்கேயில் அந்த நாட்களில் அகதி விசாரணைக்குப் போகிறவர்கள் முதலில் என் அறைக்குத்தான் வருவார்கள். இரும்பு ஆலையில் வேலை, நான்கு வருட ஜெர்மன், அதற்கு மேல் கொஞ்சம் மண்டைக்கனம். எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். ஒரு சதமும் வாங்கியதில்லை. அதனாலேயே என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

1985 மாசியில் பாலேந்திரன் வந்தான். நெடுங்கேணிப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது. அவனுடைய தம்பி சிறீதரனை இராணுவம் பஸ்ஸிலிருந்து இறக்கி மதகடியில் வைத்துச் சுட்டிருந்தது. உடலைத் தூக்கி வந்தவன் இவன்தான். சொல்லும்போது அழவில்லை. தம்பியின் ஒரு செருப்பு கிடைக்கவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பொய் கலக்கத் தேவையே இல்லாத கதை அது. ஆனால் சும்மா இருக்க எனக்குத் தெரியாதே.

“துவக்குத் தொட்டிருக்கிறியோ எண்டு கேப்பாங்கள். இல்லையெண்டு சொல்லு,” என்றேன்.

“முதலாளியின்ர வயலில காட்டுப் பண்டிக்குக் காவல் இருந்தனான் அண்ணை. பதினைஞ்சு வயசில இருந்து அவற்ர ரைபிளாலதான் வெடி வைக்கிறனான். லைசென்ஸ் இருந்த துவக்கு.”

“பண்டியோ கிண்டியோ, துவக்கெண்டால் ஆயுத இயக்கமெண்டுதான் எழுதுவாங்கள். கண்ணாலயும் காணேல்லை எண்டு சொல்லு.”

அவன் அப்படியே சொன்னான். அலுவலர் அதைத் தட்டச்சில் அடித்தார். இவன் கீழே கையெழுத்து வைத்தான். தலைநகர் பேர்னிலிருந்து முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த காலத்தில் கீஸ்லரின் உணவகத்தில் அவனுக்குக் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது.

கீஸ்லர் மலையில் பிறந்து கீழே கடை போட்டவர். வருடம் தவறாமல் செப்டெம்பரில் மலையாட்டு வேட்டைக்குப் போவார். அந்த வருடம் கொண்டு வந்த ஆட்டைச் சமையல்காரன் உரிக்கத் தெரியாமல் கிழித்துக்கொண்டிருக்க, பாலேந்திரன் கத்தியை வாங்கிப் பத்து நிமிடத்தில் தோலில் ஒரு கீறலும் இல்லாமல் உரித்துப் போட்டான். கீஸ்லர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்த ஆவணியில் புதுத் துவக்கு வாங்க லூசேர்ன் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனார். அவனுக்கு மொழி போதாது என்று என்னையும் அழைத்தார்.

கீஸ்லருக்கு வயது அறுபது. முழங்கால் விட்டுப்போனதால் முன்புபோல் ஆட்டுக்குக் கிட்ட ஊர்ந்து போக முடியவில்லை. தூரத்தில் நின்றே சுட வேண்டும். தொலைநோக்கியும் சேர்த்து இரண்டாயிரம் பிராங்குக்கு மேல் போகக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. கடைக்காரர் மூன்று துவக்குகளை மேசையில் வைத்தார். மூன்றுமே தொழிற்சாலையில் செய்து வந்தவை. ஒன்று வால்நட் மரப் பிடியும் செதுக்கு வேலையுமாகப் பளபளத்தது. அதன் விலையே கையிலிருந்த காசை விழுங்கிவிடும். இரண்டாவது மெல்லிய மலைத் துவக்கு. மூன்றாவது அழுது வடியும் கறுப்பு நிறத்தில், கனத்த நீளக் குழலோடு கிடந்தது. கீஸ்லர் முதலாவதைக் கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலேந்திரன் மூன்றின் விசையையும் விரல் நுனியால் ஒவ்வொரு தடவை அழுத்திப் பார்த்தான். பிறகு என் காதோடு சொன்னான்.

“வடிவைப் பாத்து மயங்குறார் அண்ணை. அந்தப் பளபளப்பானதின்ர மெல்லிசுக் குழல் ரண்டு வெடியில சூடேறி மூண்டாவதை எங்கயோ கொண்டு போயிடும். விசையும் இறுக்கம். இந்தப் பாரமானதை எடுத்து, மிஞ்சின காசுக்கு நல்ல கண்ணாடியாப் பூட்டச் சொல்லுங்கோ. தூரத்துக்குக் கண்ணாடிதான் முக்கியம்.”

அவன் என்ன சொல்கிறான் என்று கீஸ்லர் கேட்டார். எல்லாமே அழகாக இருக்கிறதாம் என்றேன். கீஸ்லர் என்னை ஒரு பார்வை பார்த்தார். விசையில் அவன் விரல் வைத்த விதத்தை அவர் கவனித்திருந்தார்.

கடைக்காரர் முதலாவதையும் மூன்றாவதையும் பரீட்சித்துப் பார்க்கத் தந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஊர்ச் சுடுதளத்துக்குப் போனோம். குறிப்பலகை முந்நூறு மீட்டர் தள்ளி நின்றது. கீஸ்லர் இரண்டாலும் சுட்டார். குண்டுகள் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குச் சிதறிக் கிடந்தன. அவர் வியர்வையைத் துடைத்துவிட்டு, நீ சுடு என்று பாலேந்திரனுக்குச் சைகை காட்டினார்.

நான் அவனைப் பக்கத்தில் இழுத்தேன்.

“தொடாதை. தலையிடியெண்டு சொல்லு,” என்றேன்.

“அந்தாள் வடிவானதைத்தான் எடுக்கப்போறார் அண்ணை.”

“எடுத்திட்டுப் போகட்டும். உனக்கென்ன?”

“காயத்தோட ஓடுற சீவனைப் பிறகு கண்டுபிடிக்கேலாது. மூண்டு நாள் கிடந்து சாகும். நான் பாத்திருக்கிறன்.”

“அப்ப பிழையாச் சுடு.”

அவன் குப்புறப் படுத்தான். கறுத்த துவக்கால் மூன்று வெடி. மூன்றும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. பளபளத்ததால் மூன்று. முதல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், மூன்றாவது ஒரு சாண் மேலே. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கீஸ்லரிடம் மூன்று விரலைக் காட்டி, மேலே போன துளையையும் காட்டினான். வந்த நாளிலிருந்து அவன் தலை நிமிர்ந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கீஸ்லர் அவன் தோளில் தட்டி, கறுத்ததையே வாங்கினார். திரும்பி வரும்போது காரில் பாடிக்கொண்டே ஓட்டினார். சுடுவதற்கு எங்கே படித்தான் என்று கேட்டார். பதினைந்து வயதிலிருந்து வயலுக்குப் பன்றிக் காவல் என்று பாலேந்திரனே தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிவிட்டான். என் மூளை சும்மா இருக்குமா? கிழவர் மகிழ்ச்சியில் இருக்கிறார், இந்தச் சூட்டோடு ஒரு காரியம் பார்த்துவிடலாம் என்று யோசித்தது. அவனுக்காகப் பேர்னுக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் எழுத முடியுமா என்று கேட்டேன். மனதார எழுதுகிறேன் என்றார். சொன்னபடி எழுதி, உறையை ஒட்டி என் கையில் தந்தார். தபாலில் போட்டது நான்தான்.

கார்த்திகையில் முடிவு வந்தது. பாலேந்திரன் பிரிக்காமல் வைத்திருந்தான். உணவகச் சமையலறையில் உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து நான் பிரித்தேன். கீஸ்லரும் வந்து நின்றார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆயுதம் எதையும் தொட்டதே இல்லை என்று விசாரணையில் சொன்னவர், பதினைந்து வயது முதல் வேட்டையாடிய மிகச் சிறந்த துப்பாக்கிக்காரர் என்று அவருடைய முதலாளியே எழுதியிருக்கிறார். ஒரு முக்கியமான விடயத்தில் உண்மை சொல்லாதவரின் மற்றக் கூற்றுகளையும் நம்புவதற்கில்லை. சகோதரன் கொல்லப்பட்டதாகச் சொல்வதும் அதில் அடங்கும். முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

“நான் நல்லது மட்டும்தானே எழுதினேன்,” என்றார் கீஸ்லர். ஆமாம் என்றேன். அவர் ஏப்ரனை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த மாநிலத்தில் பாதி ஆண்கள் வேட்டைக்காரர்கள், பன்றிக் காவலை அன்றே சொல்லியிருந்தால் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள் என்று தேவாலய உதவி அலுவலகத்துப் பெண் பிறகு சொன்னாள். நான் அவளோடு வாதாடவில்லை.

பாலேந்திரனுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தம்பியைப் பற்றிய இடம் வந்தது. அதையும் சொன்னேன். அவன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

“நான் துவக்குப் பிடிச்சதெண்டால் தம்பி சாகேல்லையோ அண்ணை?”

நான் கடிதத்தை மடிக்கத் தொடங்கினேன்.

“அவன்ர பேர் எழுதியிருக்கோ?”

“ஓம். இருக்கு.”

“காட்டுங்கோ.”

காட்டினேன். ‘சகோதரன் எனக் கூறப்படுபவர்’ என்று பெயருக்கு முன்னால் போட்டிருந்ததை நான் மொழிபெயர்க்கவில்லை. அவன் குனிந்து பெயரை மட்டும் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

“சரியாத்தான் எழுதியிருக்கிறாங்கள். ஊரில மரணச் சேட்டிபிக்கற்றும் தரேல்லை. அவன்ர பேர் போட்ட கவுண்மேந்துக் கடுதாசி எங்களிட்ட வேற ஒண்டும் இல்லை. இதை ஒரு கொப்பி அடிச்சு அம்மாவுக்கு அனுப்பலாமோ?”

“அனுப்பலாம்,” என்றேன்.