காயாத பலகை

எஸி ஈரத்துணியைப் பிழிந்து தன் தம்பியின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி அராபாவின் கண்ணோ சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த பலகையிலேயே இருந்தது.

"அழுதுராதே. குடும்பத் தலைவருக்கு ஆள் போயிருக்கு. அவர் காதுல விழற வரைக்கும் இந்த வீட்ல சத்தம் கூடாது."

"அழலக்கா."

"அதான் பாக்கறேனே! புருஷனைப் பறிகொடுத்தவ மாதிரியா இருக்கே?"



அராபாவின் கணவர் எக்கோ எல்மினாக் கரையில் படகுகளுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தவர். யாரிடமும் கற்றதில்லை. மிஞ்சிய வண்ணத்தில், உடைந்த படகுப் பலகைகளில், தன் கனவுகளை வரைவார். வீட்டைச் சுமந்து பறக்கும் நண்டு. வயிற்றில் கதவு வைத்த திமிங்கிலம். ஒருமுறை பக்கத்து வீட்டுக் குவேக்குவின் கண்களிலிருந்து மீன் கொட்டுவதாக வரைந்தார். அந்த மழைக்காலத்திலேயே குவேக்குவைக் கடல் கொண்டுபோயிற்று. பிறகு தன் தம்பிக்கு இறக்கை வைத்தார். அவனும் போனான். அதன்பின் மீன்காரிகள் அவரைக் கண்டாலே முகத்தை மூடிக்கொண்டார்கள். "எக்கோ, என்னைக் கனவு கண்டு தொலைச்சிராதே!"

இந்தக் கடைசிப் பலகையைப் படுத்தபடியே வரைந்தார். அராபா நெருங்கினால் திருப்பிவிடுவார். "இன்னும் காயல." நேற்று மாலை, மூச்சுக்கு நடுவே, "படகு வந்திருச்சு. கால்தான் சரியா வரல" என்றார்.

யாருடைய கால்?

மகன் குவாமெனா வெள்ளிக்கிழமை கடலுக்குப் போனவன். நாளை செவ்வாய், கடலுக்கு ஓய்வு நாள்; அன்று யாரும் கடலில் இருக்கக்கூடாது. காலையிலிருந்து படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. அவனுடையது இன்னும் வரவில்லை.

எஸி தண்ணீர் மாற்ற வெளியே போனாள். அராபா பலகையைத் திருப்பினாள்.

படகின் முனை கழுத்தாக நீண்டிருந்தது. அதன் மேல் எக்கோவின் வழுக்கைத் தலை. அலைகளுக்குப் பதில் நீலத் தலையணைகள். விளிம்பில் தொங்கிய ஒற்றைக் காலில், பெருவிரல் மேல் ஏறி உட்கார்ந்த இரண்டாம் விரல்.

கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே அதே விரல்.

படகில் வேறு யாருமில்லை. மூலைகளில் தேடினாள். தலையணைகளுக்கு இடையிலும் விரல் வைத்து மகனைத் தேடினாள். யாருமில்லை.

வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வாளியோடு வந்த எஸி அதட்டினாள். "சொன்னேன்ல, அழாதேன்னு?"

"அழலக்கா. கால் சரியாத்தான் வந்திருக்கு. பாருங்க."

எஸி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எந்தச் செருப்புக்குள்ளயும் அடங்காத விரல்," என்றாள்.

போன ஆள் வாசலில் வந்து நின்று, தலைவரிடம் சொல்லியாயிற்று என்றான். எஸி தலையில் கைவைத்து ஓலமிட்டாள். தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள்.

அராபா உடனே போகவில்லை. அடுக்களையிலிருந்து, வாழையிலையில் பொதிந்து அவித்த சோளமாவுக் கென்கே ஒன்றை எடுத்தாள். பொரித்த மீனோடு மகனுக்கென்று தட்டில் வைத்தாள். வாழையிலைமேல் அவள் பெருவிரல் நீலமாகப் பதிந்திருந்தது. மூடிவிட்டு, அழப் போனாள்.