கோட்டுக்குள் குத்திய பேட்ஜ்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் மோகனப்ரியா ஆளுக்கொரு சிவப்பு பேட்ஜைக் கையில் திணித்துக்கொண்டே வந்தாள்.

"ஷிப்ட் முடியிற வரைக்கும் யாரும் கழட்டக் கூடாது. குத்தாதவங்ககூட ஒக்காந்து நான் சோறு திங்க மாட்டன், சொல்லிட்டன்."

அவளும் என்னைப்போல ட்ரெய்னிதான். வாய் மட்டும் பர்மனென்ட். எங்களை ஏன் மூன்று வருடமாக ட்ரெய்னியாகவே வைத்திருக்கிறீர்கள் என்று மேனேஜரிடம் கேட்டதற்காக சின்னராஜ் அண்ணனை சஸ்பெண்ட் செய்து பத்து நாள் ஆகிறது. அவருக்காகத்தான் யூனியன் இந்த பேட்ஜைக் குத்தச் சொன்னது.

அன்றைக்குத்தான் பர்மனென்ட் லெட்டர் தருகிற நாள். சிங்காரப்பேட்டையில் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பேட்ஜ் போட்டால் லெட்டர் போய்விடும். போடாவிட்டால் இத்தனை பேர் முகத்தில் எப்படி முழிப்பது? பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு. சுடிதாரில் பேட்ஜைக் குத்தி, மேலே சாம்பல் நிறக் கோட்டை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டேன். யார் கேட்டாலும் குத்தியிருக்கிறேன் என்று சொல்லலாம். மோகனப்ரியாவோ கோட்டுக்கு மேலேயே குத்திக்கொண்டு லைனில் நின்றாள்.

பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் கந்தன் வந்தார். "மோகனப்ரியா, ரேவதி, ஹெச்.ஆர். கூப்புடுறாங்க. ஒவ்வொருத்தரா போங்க."

அவள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து நான் போனேன். ஆபீஸ் வாசலில் கோட்டு மாட்டும் கொக்கிகளைப் பார்த்ததும்தான் தூக்கிவாரிப் போட்டது. கிரீஸ் பட்ட கோட்டோடு ஏ.சி. ரூமுக்குள் யாரையும் விடமாட்டார்கள். மூன்று வருடமாகத் தெரிந்த விஷயம், காலையில் மறந்து தொலைத்திருக்கிறேன்.

கொக்கியில் மோகனப்ரியாவின் கோட்டு தொங்கியது. அதில் பேட்ஜ் இல்லை. சுடிதாருக்கு மாற்றிக் குத்திக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள், ராட்சசி! எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. என் பேட்ஜைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டு, கோட்டை அவளுடையதற்குப் பக்கத்தில் மாட்டினேன். அதற்குள் அவள் வெளியே வந்தாள். லெட்டரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உள்ளே ஆபீசர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேட்ஜ் குத்தும் இடத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே லெட்டரை நீட்டினார்.

வெளியே வந்து கோட்டை மாட்டிப் பைக்குள் கையை விட்டேன். பேட்ஜ் இருந்தது. கூடவே இரண்டு இருமல் மிட்டாய். நான் மிட்டாய் வைத்துக்கொள்வதில்லையே! காலரைத் திருப்பிப் பார்த்தால் மோகனப்ரியாவின் டோக்கன் நம்பர். அவசரத்தில் என் கோட்டை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவளும் கழற்றிப் பையில்தான் போட்டிருக்கிறாள். என்னுடையதையும் இந்நேரம் அவள் பார்த்திருப்பாள்.

மத்தியானம் கேன்டீனில் கோட்டுகளை மாற்றிக்கொண்டோம். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சாயங்காலம் கேட்டைத் தாண்டி, செக்யூரிட்டி கண்ணில் படாத இடத்துக்கு வந்ததும், இருவரும் பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சின்னராஜ் அண்ணன் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கோசரம் உங்க லெட்டர விட்டுட்டீங்களேம்மா..."

மோகனப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். என் கைப்பைக்குள் லெட்டர் மொடமொடவென்றது.

"பரவால்லீங்கண்ணா," என்று நான்தான் சொன்னேன்.