குளிரக் கூடாத பை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். நான் வேலை பார்க்கும் ரத்த வங்கியில் ஆட்டும் தட்டின் பக்கம் யாராவது காபிக் கோப்பையோடு வந்தால் கடித்துக் குதறிவிடுவேன். அந்தத் தட்டில் கிடப்பவை ரத்தக் கசிவை நிறுத்தும் தட்டணுப் பைகள். டாக்டர்கள் வாயில் பிளேட்லெட். சிவப்பு ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இதற்கு அது ஆகாது. அறையின் மிதமான சூட்டில், இராப்பகலாக மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் தாங்கினாலும் ஐந்து நாள்தான். கைக்குழந்தை தோற்றுவிடும்.

அன்று காலை என் கண்ணுக்கு ஒரே ஒரு பைதான் தெரிந்தது, என் அக்கா மகளுக்கானது. ஒன்பது வயது, ரத்தப் புற்றுநோய். கொடுத்த மருந்து அவளுடைய தட்டணுக்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. ஈறு கசிந்துகொண்டே இருந்தது. இதே கசிவு தலைக்குள் வந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவளுக்குப் பொருந்தும் ரத்தம் லேசில் கிடைக்காது. ஊசி என்றால் காத தூரம் ஓடும் என் வீட்டுக்காரர்தான் முந்தின நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தட்டணுவை மட்டும் பிரித்தெடுக்கும் மெஷினில் படுத்துக் கொடுத்தார்.

"சித்தப்பா ரத்தமா? அப்ப எனக்கும் ஊசின்னா பயம் வந்துடுமே சித்தி" என்றாள் அவள். சும்மாவா வாயாடி என்று பெயர் வைத்தோம்.

பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மெல்ல அமுக்கினேன். வெயிலில் தூசி சுழல்வது போல உள்ளே ஒரு மினுமினுப்பு சுழன்றது. நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆஸ்பத்திரியில் பையை வார்டுக்கு எடுத்துப் போவது உறவினர்கள்தான். அக்கா வந்து வாங்கிக்கொண்டாள்.

"நேரா நர்ஸ் கையில குடு. உடனே ஏத்தச் சொல்லு."

"சரிடி, எத்தன தடவ சொல்லுவ."

ஃபிரிட்ஜைப் பற்றி மட்டும் சொல்லத் தோன்றவில்லை. மூச்சு விடு என்று யாராவது சொல்லி அனுப்புவார்களா? பையின் மேல் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்.

மதியம் வார்டுக்குப் போனேன். வாயாடி வாய் திறக்காமல் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். கம்பியில் பை தொங்கவில்லை.

"பை எங்கக்கா?"

"காய்ச்சல் ஏறிடுச்சு. எறங்கட்டும், அப்புறம் ஏத்தலாம்னு நர்ஸ் சொன்னாங்க. வெக்கையில கெட்டுடக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருக்கேன்."

மூலையிலிருந்த ஃபிரிட்ஜைக் காட்டினாள். அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பை சில்லிட்டுக் கிடந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அமுக்கினேன். எதுவும் சுழலவில்லை. கஞ்சித் தண்ணீராக அசையாமல் நின்றது. எங்கள் விதிப்படி அது இனி குப்பைக்கு.

வேறு யாராக இருந்தாலும் வார்டே அதிரக் கத்தியிருப்பேன். இவள் மூன்று மாதமாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறவள்.

"இதுல ஒரு ஓட்ட இருக்குக்கா. நான் சரியா ஒட்டல. என் தப்புதான்."

அவள் திட்டிய திட்டில் எங்கள் இருவருக்கும் பொதுவான அம்மாவுக்கும் ஒரு பங்கு விழுந்தது. "இனிமே எம்பொண்ணோட சாமான் எதையும் நீ தொடாத" என்று முடித்தாள்.

நர்ஸிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு பஸ் டிரைவர் வந்து படுத்தார். மெஷின் முடிந்து, பரிசோதனை முடிந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இதற்கிடையில் வாயாடிக்கு மூக்கிலும் ரத்தம் வருவதாகச் சொன்னார்கள். போன் அடித்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பையை நானே எடுத்துப் போவதாக இருந்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் தட்டில் அதைக் காணோம்.

"உங்க அக்கா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

மதியம் இருந்த நர்ஸ் வீட்டுக்குப் போயிருப்பாள். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதே நான்தான். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினேன். கால் இடறியது. அழுதுகொண்டே ஓடினேன் என்பது மேலே போன பிறகுதான் தெரிந்தது.

ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. பை அவள் கையில்.

"அக்கா, அதுல வைக்காத."

"நர்ஸ் பக்கத்துக் கட்டில்ல இருக்காங்க. வர வரைக்கும்தான்."

"வேணாம்க்கா. குளிர் பட்டா வீணாப் போயிடும்."

அவள் பையைப் பார்த்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"அப்ப காலைல..."

நான் கையை நீட்டினேன். அவள் பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பை ஏறியது. மூக்கிலும் ஈறிலும் ரத்தம் நின்றது. வாயாடி இப்போது வீட்டில் இருக்கிறாள், பழையபடி எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறாள். அது உன் தப்பில்லை என்று அக்காவுக்கு நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லிவிட்டேன். எதுவும் ஏறவில்லை. மகளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால்கூட எனக்குப் போன் செய்கிறாள்.

"இந்த வெந்நீரக் குடுக்கலாமாடி?"

"வெந்நீர்தானேக்கா. தாராளமாக் குடு."



"நீ வந்து குடுத்துட்டுப் போயேன்" என்பாள்.