களிம்பு தடவும் கை

1.

இந்தக் கதை நான் ஒட்டுக் கேட்டது. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதிர் பெஞ்சில் ஒரு கணவன் மனைவி. முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. காதுக்கு யாரும் மருந்து விடவில்லையே! அவள் சொன்னாள்:

"கையில உறை போட்டுக்கிட்டுத் தொடறதுக்கு நான் என்ன நர்ஸா?"

அவர் வாய் திறக்கும்முன் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: 'அவள் பார்வையின் நடுவே ஒரு சாம்பல் நிறப் பூ...' வேண்டாம். கண் போய்க்கொண்டிருப்பவளிடம் பூவைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவாள்.

அவள் துணிக்கடையின் பின்னறையில் தைக்கிறவள். நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது. அன்று ஒரு கால்சட்டையின் பக்கத் தையல் கோணலாக இருந்தது. யாரோ ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே பிரித்து, நேராகத் தைத்துக் கொடுத்தாள். கடைக்காரர் தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா, ஒழுங்கா இருந்ததை இப்படி வளைச்சு வச்சிருக்க?"

அளவு நாடாவை இழுத்து வைத்துப் பார்த்தாள். நாடாவும் வளைந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

3.

"விழித்திரைக்கு அடியில நீர் கோத்திருக்கு. ரொம்ப நாளாவே வந்து வந்து போயிருக்கு," என்றார் கண் டாக்டர். "ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கறீங்களா?"

"இல்லைங்க."

"களிம்புகூட?"

"அது அவருக்கு. நான் தடவி மட்டும்தான் விடுவேன்."

"எதால?"

அவள் கையைக் காட்டினாள்.

(உடம்பே சுரக்கிற ஹார்மோன் ஒன்று உண்டு, கார்டிசால் என்று. பதறினால் ஏறும். களிம்பில் இருப்பதும் அந்த வகைதான். தோல் வழியாக உள்ளே போகும். அளவு மிஞ்சினால் சிலருக்குக் கண்ணில் நீர் கோக்கும். அதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. களிம்பு தடவும்போது கையுறை போடச் சொன்னார், கவலைப்படாமல் இருக்கச் சொன்னார். பார்வை போகும் என்று சொல்லிவிட்டுக் கவலைப்படாதே என்றால் எப்படி ஐயா?)

4.

கணவரை முதலில் சுயநலக்காரராக எழுதினேன். கதைக்கு வசதி. 'உன் கண்ணுக்காக என் முதுகு வெடிக்கணுமா என்று அவர்...' அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

சிறு வயதிலிருந்தே அவருக்குத் தோல் செதில் செதிலாக உரியும். ஒட்டாத நோய்தான், யார் நம்பினார்கள்? கூடப் பிறந்த அக்காகூட விரல் படாமல்தான் தட்டை நீட்டுவாள். கல்யாணமான புதிதில் இவள் ஒன்றும் கேட்காமல் முதுகில் கை வைத்தபோது, அவர் விசும்பி விசும்பி அழுதிருக்கிறார்.

உறையை வாங்கி வந்ததே அவர்தான்.

"போட்டுக்கோ. எனக்கு ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்கு."

"கண்ணு போச்சுன்னா என்னடி பண்ணுவ?"

"தடவறதுக்குக் கண்ணு எதுக்கு?"

இந்த இடத்தில் எனக்கு எழுத வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

5.

முடிவு ஒன்று: உறை போடுகிறாள், கண்ணில் கோத்த நீர் வற்றுகிறது, தையல் நேராகிறது. அவர் முதுகு மட்டும் ஒவ்வொரு முறையும் லேசாகச் சுருங்குகிறது.

முடிவு இரண்டு: போடவில்லை. ஒரு நாள் அவர் முகத்தின் நடுப்பகுதி அவளுக்கு...

முடியவில்லை. நீங்களே பாருங்கள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, தலையணையில் முகம் புதைத்துக் குப்புறப் படுத்திருக்கிறார். கட்டிலின் ஓரத்தில் களிம்பு, பக்கத்தில் உறை. எந்தக் கை வரப்போகிறது என்று தொடும்வரை அவருக்குத் தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இனி அது உங்கள் கை. உறையைப் போடுங்கள், போடாமல் இருங்கள். முதுகில் வைக்கும்முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அவள் அப்படித்தான் செய்வாள்.