சமையலறையில் வட்டி பேசக் கூடாது

குத்தாலம் பக்கத்தில் எங்கள் தெரு மகளிர் குழுவுக்குத் தனியாக ஒரு ரிசர்வ் வங்கி உண்டு. என் மனைவி சான்ட்ராதான் அது. குழுத் தலைவி என் அம்மா மரியபுஷ்பம். இருவருக்கும் நடுவில் சாப்பிட உட்காருகிறவன் நான்.

முன்பெல்லாம் கடனுக்கு வட்டி வைப்பதும் தலைவிதான். தலைவி தேர்தல் வந்தால் வட்டி தானாகக் குறையும். பணம் கரைந்துபோய், நடவுக்குக் கேட்டவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். அதனால் அம்மாவே ஒரு விதி கொண்டுவந்தாள். வட்டியை சான்ட்ரா வைப்பாள், யாரும் உத்தரவு போடக் கூடாது. ஆனால் கூட்டத்தில் என்ன கேட்டாலும் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஆவணியில் தேர்தல் வந்தது. வட்டியைப் பாதியாக்குவதாக அம்மா தெரு முழுக்க வாக்குக் கொடுத்துவிட்டாள். அன்று வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. பெரிய துண்டு சான்ட்ராவுக்கு, வால் எனக்கு.

“வட்டியக் கொஞ்சம் பாத்து வையேன்,” என்றாள் அம்மா.

“கூட்டத்துல கேளுங்க அத்தை, சொல்றேன். இங்க சாப்பிடுவோம்.”

மறுநாளிலிருந்து வீட்டில் ரசம்.

கூட்டத்தில் அம்மா விளாசித் தள்ளினாள். சான்ட்ரா அசரவில்லை.

“இப்பக் குறைச்சா வேளாங்கண்ணித் திருவிழாவுக்கே எல்லாரும் வாங்கிடுவீங்க. ஐப்பசி நடவுக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

தேர்தலில் அம்மாவை எதிர்த்து நின்ற கண்ணாத்தாள் எழுந்தாள். “இவ வேணாம். சொன்னபடி கேக்குற ஆளா ஒருத்திய வைப்போம்.”

பல தலைகள் ஆடின. அம்மாவும் ஆட்டியிருந்தால் வட்டி குறைந்திருக்கும், பதவியும் தங்கியிருக்கும். வாசலில் நின்ற நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

“கேள்வி கேக்கத்தான் அவளக் கூப்பிட்டோம்,” என்றாள் அம்மா. “தலையாட்ட வைக்க இல்ல.”

நீக்குகிற பேச்சு அத்தோடு அடங்கியது. ஆனால் வாக்குத் தவறிய தலைவியை யார் விடுவார்கள்? தேர்தலில் கண்ணாத்தாள் ஜெயித்தாள்.

மறுநாள் காலையில் அவள் இறால் தொக்கோடு வந்து நின்றாள். அவளும் அதே வாக்கைக் கொடுத்திருந்தாள்.

“சான்ட்ரா இருக்காளா? அந்த வட்டி விஷயமா...”

அம்மா வாசலை மறித்தாள். “கூட்டத்துல கேளு கண்ணாத்தா. நல்லாக் கேளு, விடாத. இங்க வேணாம்.”

தொக்கு மூடி திறக்காமலே திரும்பிப் போனது. அந்தத் துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றும் ரசம்தான். “பதவி போனதுல வருத்தமா அத்தை?” என்று சான்ட்ரா தயங்கிக் கேட்டாள்.

“வருத்தந்தான். அடுத்த கூட்டத்துல நானும் கேப்பேன், பதிலோட வா.”

சொல்லிவிட்டு முழு அப்பளத்தை அவள் தட்டில் வைத்தாள். உடைந்தது எனக்கு.