வைத்தியர் வகுப்புக்குத் தனியாள் சான்றிதழ்

எங்கள் ஊரில் தனியாகக் குடியிருக்க விரும்புகிறவர், நகராட்சி மைதானத்தில் ஒரு பூதத்தைத் தனியாக வீழ்த்திச் சான்றிதழ் வாங்க வேண்டும். இணைய விளையாட்டில் போர்வீரன், மந்திரவாதி என்று எந்த வகுப்பில் ஆடுகிறோமோ அதே வகுப்பில்தான் இங்கேயும் இறங்க வேண்டும். நான் வைத்தியர். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவேன். என்னிடமும் ஒரு கைத்தடி உண்டு. அதனால் தட்டினால் கொசு கோபித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

குழுவாக இருந்தவரை அது குறையாகத் தெரியவில்லை. நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். மற்ற மூவரும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பிரிந்து போய்விட்டார்கள். அந்த வீடும் கைவிட்டுப் போகிறது. இஸ்மாயில் பாயின் பேக்கரிக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. போய்ப் பார்த்தேன். பன் வாசம் தரை வழியாக ஏறி வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சான்றிதழோட வாங்க தம்பி. இல்லன்னா ஒரு வில்லாளி கேட்டுக்கிட்டு இருக்காரு," என்றார் பாய். அன்றைக்குப் புதன்.

மைதானத்தில் எனக்கு முன்னால் ஸ்டீபன் அண்ணன் தன் வேட்டைநாயோடு நின்றார். தேர்வாளர் குணவதி மேடம் நாயைத் தலையிலிருந்து வால்வரை பார்த்துவிட்டு, "இது ஆளில்ல, ஆயுதம்," என்று எழுதிக்கொண்டார். அண்ணன் ஏழு நிமிடத்தில் தேர்ச்சி. எலும்புக்கூடுகளை அழைக்கும் செண்பகவல்லி அக்காவின் விண்ணப்பம் மட்டும் மாவட்டத் தலைமையகத்துக்குப் போனது. மூன்று எலும்புக்கூடுகளோடு நிற்பவர் தனியாள்தானா என்பதை அங்கேதான் முடிவு செய்வார்கள். பதுங்கித் தாக்கும் வகுப்பைச் சேர்ந்த ஒருவருக்கு 'வரவில்லை' என்று குறித்தார்கள். அவர் அங்கேயேதான் இருந்தார்.

என் முறை வந்தது. பூதம் வேப்பமர உயரம். தலைக்கு மேல், மிச்ச உயிரைக் காட்டும் உயிர்ப்பட்டை பச்சையாக மிதந்தது. நான் தட்டினேன். அது அறைந்தது. நான் எனக்கு ஏற்றிக்கொண்டேன். மறுபடி தட்டினேன். ஆறு மணிக்கு மைதானத்தைப் பூட்டினார்கள். மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

வியாழன் மதியம் பட்டை கால்பங்குக்கு இறங்கிச் சிவப்பானது. சிவப்பைக் கண்டதும் என் கை தானாக எழுந்தது. முழு உயிரையும் ஏற்றிவிட்டேன்.

பூதம் தன் பட்டையை அண்ணாந்து பார்த்தது. "எலேய், எனக்கே ஏத்துதியே?"

"பழக்கம். மன்னிச்சிருங்க."

"இருக்கட்டும். முட்டிவலி போயிட்டு."

அதன்பின் பேசிக்கொண்டே சண்டை போட்டோம். பேக்கரிக்கு மேலே உள்ள அறையைப் பற்றி நான் சொன்னேன். பதினோரு வருடமாக எல்லா வகுப்பிடமும் அடி வாங்கிய பூதம் அது. விவரம் தெரிந்து பேசியது.

"போர்வீரன் நின்னு ஆடுவான். ஆனா முதுகுக் கவசத்து வாரை அவுக்கதுக்கு யாராவது வேணும். நாந்தான் அவுத்து விடுவேன். மந்திரவாதி ரெண்டே நிமிசத்துல என்னைச் சாய்ச்சிருவா. அதுக்குள்ள நான் தும்மிட்டா அவ சாஞ்சிருவா. தனியா ஆடுததுக்கு வேட்டைக்காரன்தான் சரி. ஏன் தெரியுமா? அவன் தனியா இல்ல, நாய் இருக்கு."

"வைத்தியர்?"

"சாகவும் மாட்டே, கொல்லவும் மாட்டே. எனக்கு இப்படி ஒரு வியாழக்கிழமை அமைஞ்சதே இல்ல."

வெள்ளிக்கிழமை பட்டை இரண்டு முறை சிவப்பானது. இரண்டு முறையும் வலது கையை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடது கை எழுந்துவிட்டது.

நாலு மணிக்குத் தேர்வு முடியும் மணி அடித்தது. குணவதி மேடம் இரண்டு பட்டைகளையும் அளந்தார். என்னுடையது முக்கால். பூதத்தினுடையது முழுசு.

"நீங்க தோத்துட்டீங்க தம்பி. ஜெயிச்சது பூதம்."

"அவருக்கு நான்தானே மேடம் உயிர் ஏத்துனேன்?"

"எதிராளி பண்ற உதவி துணைக் கணக்குல வராது. அது தனியாத்தான் நின்னுச்சு." சான்றிதழில் பூதத்தின் பெயரை எழுதி முத்திரை குத்தினார்.

பூதம் அதை இரண்டு முறை வாசித்தது. பிறகு என்னிடம், "அந்த பேக்கரி எங்க இருக்கு?" என்று கேட்டது.

இஸ்மாயில் பாய் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. கூட யாரு?"

"விருந்தாளி," என்றது பூதம்.

"விருந்தாளிக்குச் சான்றிதழ் வேண்டாம். எத்தனை நாளைக்கு?"

பூதம் என்னைப் பார்த்தது. நான் வருடக் கணக்கில் ஒரு எண்ணைச் சொன்னேன். பாய் அதைக் குறித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ஞாயித்துக்கிழமையானா ஜன்னல் எதிர்வீட்டுக்குப் போயிரும். அங்க அதோட தங்கச்சி ஜன்னல் இருக்கு."

"அப்ப சனிக்கிழமையே ஜன்னல்ல துணி காயப்போட்டுருவோம்," என்றது பூதம், குனிந்து படியேறியபடி.